பசையும் பசுமையும்

ஒரு நாவல் வெளிவந்தால் அதை விமர்சிக்கப் பலர் இருக்கின்றனர். ஒரு திரைப்படம் வெளிவந்தால் அதன் நிறைகுறைகள் மறுநாளே தேநீர்க் கடை வரை அலசப்படுகின்றன. ஆனால் நாள் முழுவதும் நம் சட்டைப் பையில் இருக்கும் மின்னணுக் கருவிகளை அவ்வாறு யாரும் விமர்சிப்பதில்லை. விலை என்ன, படம் தெளிவாக எடுக்குமா, எவ்வளவு வேகம் என்பவையே பேசப்படுகின்றன. அக்கருவியின் உறுப்புகள் ஒன்றோடொன்று எப்படி இணைக்கப்பட்டுள்ளன, அவற்றுள் எது முதலில் பழுதாகும், பழுதானால் மற்ற உறுப்புகளின் கதி என்ன என்னும் வினாக்களை நாம் எழுப்புவதே இல்லை.

இவை அற்பமான வினாக்கள் அல்ல. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. மறுபுறம், கடைக்குச் சென்று பாருங்கள்: பெட்டிகள்தோறும் பச்சை இலைச் சின்னம்! 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்னும் வாசகம்! கழிவும் பெருகுகிறது, பச்சை இலையும் பெருகுகிறது என்றால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்றுதானே பொருள்?

ஆகவே, ஒரு நூலை எடுத்துத் திறனாய்வது போல ஒரு கருவியை எடுத்துத் திறனாய்ந்து பார்ப்போம். மோசமான கருவியைக் குறை கூறுவது எளிது. அதனால் நாம் கற்பது குறைவு. சுற்றுச்சூழலைக் கருத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டவற்றுள் சிறந்ததென்று பெயர்பெற்ற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்து 2013 முதல் வெளிவரும் 'ஃபேர்போன்' என்னும் கைபேசி வரிசையே அது. அதற்கு முன் நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

அளவுகோல் எது?

கைபேசி சுற்றுச்சூழலுக்குத் தரும் சுமை எதில் அடங்கியுள்ளது? 'அது குடிக்கும் மின்சாரத்தில்' என்றே மாணவர்கள் பலரும் விடை கூறுவர். வகுப்பில் இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஒரு கைபேசியின் மின்கலம் 4,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவும் 3.85 வோல்ட் அழுத்தமும் உடையது என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 15.4 வாட்-மணி. நாள்தோறும் அது முழுவதும் தீர்ந்து மீண்டும் முழு மின்னேற்றம் பெறுவதாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 5.6 யூனிட்தான் ஆகும். சார்ஜரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்து 7 யூனிட் எனலாம். 75 வாட் திறனுள்ள ஒரு மின்விசிறி நான்கு நாட்கள் இடைவிடாமல் சுழன்றால் இதே அளவு மின்சாரம் செலவாகிவிடும். ஓராண்டுக் கைபேசியும் நான்கு நாள் மின்விசிறியும் சமம்!

நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து கிடைப்பதால், யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.7 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக, கைபேசியைப் பயன்படுத்துவதால் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 கிலோகிராம்.

அதை உருவாக்க ஆவது எவ்வளவு? ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஃபேர்போன்-3 கைபேசியைப் பற்றி இக்கணக்கை எடுத்தனர். சுரங்கத்தில் தாது வெட்டுவது முதல் மூன்றாண்டுப் பயன்பாடு வரை மொத்தம் ஏறத்தாழ 40 கிலோகிராம் கரியமில வாயுவுக்கு ஈடான சுமை என்றும், அதில் முக்காற் பங்குக்கு மேல் உற்பத்தியிலேயே நேர்கிறது என்றும் கண்டனர். உற்பத்திச் சுமையை 32 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். கைபேசியைப் பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதல் பொத்தானை அழுத்துமுன்பே இந்தச் சுமை ஏறிவிடுகிறது.

இனி ஒரு எளிய வகுத்தல். கைபேசியை 2 ஆண்டுகள் பயன்படுத்தினால் உற்பத்திச் சுமை ஆண்டுக்கு 16. மின்சாரத்துக்கான 5-ஐச் சேர்த்தால் 21 கிலோகிராம். 4 ஆண்டுகள் பயன்படுத்தினால் 8-உம் 5-உம் சேர்ந்து 13. 8 ஆண்டுகள் பயன்படுத்தினால் 4-உம் 5-உம் சேர்ந்து 9. 'புதிய மாதிரி மின்சாரத்தை ஐந்தில் ஒரு பங்கு மிச்சப்படுத்துகிறது' என்று ஒருவர் விளம்பரம் செய்தால் மயங்கிவிடாதீர்கள். அந்த மிச்சம் ஆண்டுக்கு 1 கிலோகிராம். அதைப் பெறுவதற்காகப் புதிதாக ஏற்றும் சுமையோ 32 கிலோகிராம். கடன் தீர 32 ஆண்டுகள் ஆகும்!

எல்லாக் கருவிகளுக்கும் இந்த விடையே பொருந்தும் என்று எண்ணிவிடவும் கூடாது. 75 வாட் மின்விசிறியைக் கழற்றிவிட்டு 30 வாட்டில் ஓடும் புதுவகை மின்விசிறியை மாட்டி நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓட்டினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 197 யூனிட் மிச்சமாகிறது. அங்கே புதியதை வாங்குவது அறிவுடைமை. பயன்பாட்டில் சுமை மிகுந்த கருவிக்குச் சிக்கனம் அளவுகோல். உற்பத்தியில் சுமை மிகுந்த கருவிக்கு ஆயுள் அளவுகோல். கைபேசி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் பசுமையை அளக்கும் முதல் கோல் ஆண்டுக் கணக்குதான்.

கலப்பது எளிது, பிரிப்பது கடினம்

'பழைய கைபேசியை மறுசுழற்சி செய்துவிட்டால் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு இயற்பியல் தரும் விடையைக் கவனிப்போம்.

கேழ்வரகு மாவையும் கோதுமை மாவையும் கலக்க ஒரு நிமிடம் போதும். பிரிக்கச் சொன்னால்? மாவின் எடையில் எள்ளளவும் குறையவில்லை. ஆயினும் ஒழுங்கு போய்விட்டது. வெப்ப இயக்கவியலில் 'என்ட்ரோப்பி' என்று கூறுவது இதைத்தான். கலந்ததைப் பிரிக்க வேலை செய்தாக வேண்டும். எவ்வளவு நுண்ணளவாகக் கலந்துள்ளதோ அவ்வளவு வேலை. ஒரு கைபேசியில் டஜன் கணக்கான தனிமங்கள் உள்ளன. தங்கம் சில பத்து மில்லிகிராம். இண்டியம், டாண்டலம் போன்றவையும் அதுபோன்ற சிற்றளவிலேயே உள்ளன. தங்கம், செம்பு ஆகியவற்றை உருக்கி மீட்கலாம். சிற்றளவில் தூவப்பட்ட மற்றப் பல தனிமங்கள் கசடோடு போய்விடுகின்றன.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கைபேசியின் உற்பத்திச் சுமையில் பெரும்பங்கு 'சிப்' எனப்படும் சில்லுகளைச் சார்ந்தது. சிலிக்கன் மணலில் ஏராளமாகக் கிடைக்கும் தனிமம். அதற்கு மதிப்பைத் தருவது அதன் எடை அன்று. நூற்றுக்கணக்கான படிகளில் மிகத் தூய்மையான சூழலில் அதன்மேல் பொறிக்கப்பட்ட கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களின் ஒழுங்கு. சில்லை உலையில் போட்டால் அவ்வொழுங்கில் ஒரு துளியும் மீளாது. சிற்பத்தை உடைத்துக் கல்லை மீட்பது போன்ற செயல் அது. மறுசுழற்சி வேண்டாம் என்பதல்ல; அது கடைசிப் படி. கருவியைக் கருவியாகவே நீண்ட நாள் வைத்திருப்பதே முதற்படி.

ஆயுள் குறைந்த உறுப்பு

அப்படியானால் கைபேசி ஏன் நீண்ட நாள் வாழ்வதில்லை? சில்லு பத்தாண்டுக்கு மேலும் உழைக்கக் கூடியது. செம்புத் தடங்களும் கண்ணாடியும் (கீழே விழாதவரை) அப்படியே. விரைவில் முதுமையடைவது லித்தியம் அயனி மின்கலம்.

மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பிக் கிராஃபைட்டாலான எதிர்முனைக்குள் புகுகின்றன, பயன்படுத்தும்போது திரும்புகின்றன. இந்தப் போக்குவரத்தில் ஒவ்வொரு முறையும் சிறிதளவு லித்தியம் எதிர்முனையின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாகச் சிக்கிக்கொள்கிறது. சிக்கியது மீண்டும் பயணம் செய்வதில்லை. வெப்பம் மிகுந்தால் இப்படலம் இன்னும் விரைவாக வளரும். நம் ஊர் வெயிலில் இது கவனிக்கத்தக்கது. 500 முதல் 1,000 முழுச் சுழற்சிகளுக்குள் மின்கலத்தின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இது யாருடைய குற்றமும் அன்று, வேதியியலின் இயல்பு.

குற்றம் அடுத்த படியில் வருகிறது. மூன்றாண்டு வாழும் உறுப்பைப் பத்தாண்டு வாழும் உறுப்போடு பசை போட்டு ஒட்டினால் இரண்டுக்கும் ஆயுள் மூன்றாண்டாகிவிடுகிறது. திரி கருகியதும் குத்துவிளக்கையே குப்பையில் எறிவதை யாராவது ஏற்பார்களா? திரியை மாற்ற முடியாதபடி விளக்கோடு வார்த்துவிட்டால் எறிவதைத் தவிர வேறு வழியில்லை. கைபேசியில் பசைக்குப் பெயர் மெலிவு, அழகு, உறுதி. பெட்டியின் மேல் இலைச் சின்னம் வேறு!

இதன் உச்சநிலையைக் காண விரும்பினால், கம்பியில்லாமல் காதில் செருகிக்கொள்ளும் சிறு இயர்போன்களைப் பாருங்கள். ஆப்பிள் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 'ஏர்பாட்ஸ்' இதற்கு எடுத்துக்காட்டு. பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் இடும் கலிபோர்னியாவின் 'ஐஃபிக்ஸிட்' நிறுவனம் அதற்குப் பத்துக்குச் சுழியம் தந்தது. நான்கு கிராம் எடையுள்ள பொருளுக்குள் மின்கலத்தைப் புதைத்து ஒட்டியிருந்தார்கள். உடைக்காமல் திறக்க வழியில்லை. சில ஆண்டுகளில் மின்கலம் தளர்ந்ததும் காந்தம், சுருள், சில்லு எல்லாம் சேர்ந்தே கழிவாகும்.

'தண்ணீர் புகாமலிருக்கப் பசை வேண்டுமே?' என்பது வழக்கமான மறுமொழி. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பசை மலிவானது, இடமும் அடைக்காது. ஆனால் பசை ஒன்றே வழி என்பது உண்மையன்று. சாம்சங் நிறுவனம் 2014-இல் விற்ற கேலக்ஸி எஸ்-5 கைபேசியில் பின்மூடியை நகத்தால் கழற்றி மின்கலத்தை மாற்றலாம். அதே கைபேசி ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்கும் தரச்சான்றும் பெற்றிருந்தது. மூடியின் உட்புறம் ஓடிய ஒரு ரப்பர் விளிம்பே இதைச் சாதித்தது. அழுத்துச் சமையற்கலனின் மூடியில் நாள்தோறும் நாம் காணும் தத்துவம்தான்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு விடை

இந்தப் பின்னணியில் ஃபேர்போனைப் பார்ப்போம். கைபேசிக்கு வேண்டிய கனிமங்கள் எந்தச் சுரங்கத்திலிருந்து, யார் வியர்வையில் வருகின்றன என்று கேட்கும் ஓர் இயக்கமாகவே அது தொடங்கியது. 2013-இல் நிறுவனமாகி, கைபேசி விற்கவும் முற்பட்டது.

2015 இறுதியில் வந்த ஃபேர்போன்-2 அதன் உண்மையான முத்திரை. பின்மூடியை விரலால் கழற்றலாம். மின்கலத்தைக் கையால் எடுக்கலாம். இரண்டு பிடிப்புகளைத் தள்ளினால் திரையே கழன்று வரும். கேமரா, ஒலிபெருக்கி ஆகியவை தனித்தனிக் கூறுகள். ஒரு சிறு திருப்புளி போதும். ஐஃபிக்ஸிட் பத்துக்குப் பத்து வழங்கியது. 2019-இல் வந்த ஃபேர்போன்-3 பெட்டியிலேயே ஒரு திருப்புளியையும் வைத்து விற்றது. அடுத்த ஆண்டு மேம்பட்ட கேமரா வந்தபோது, பழைய கைபேசியை வைத்திருந்தவர்கள் கேமராக் கூறை மட்டும் வாங்கித் தாமே பொருத்திக்கொள்ள முடிந்தது. புதுமை வேண்டுமானால் முழுக் கருவியையும் மாற்றியாக வேண்டும் என்னும் வணிக மரபுக்கு எதிரான செயல் இது.

கழற்றக்கூடிய அமைப்புக்கும் விலை உண்டு. ஒவ்வொரு கூறுக்கும் தனி உறை, தனிச் சுற்றுப்பலகை, பொன்முலாம் பூசிய இணைப்பு முனைகள் எல்லாம் வேண்டும். இவை உற்பத்திச் சுமையைக் கூட்டுகின்றன. ஃபேர்போன்-2-இல் இச்சுமை கணிசமாக இருந்தது. அடுத்த மாதிரியில் இணைப்பு முனைகளின் வகையை மாற்றி அதைக் குறைத்தார்கள். தன் குறையை அளந்து பார்த்துத் திருத்திக்கொள்ளும் வடிவமைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் இதில் அடங்கிய பாடத்தை மறக்கக்கூடாது: கூடுதல் திருகாணியும் முனையும் நீண்ட ஆயுளாக மாறினால்தான் அவை ஈடேறும். கழற்றக்கூடிய கைபேசியை வாங்கி இரண்டாண்டில் மாற்றுபவர், சாதாரணக் கைபேசியை வாங்கி இரண்டாண்டில் மாற்றுபவரைவிடச் சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்தவர் ஆகமாட்டார்.

மென்பொருள் என்னும் மறைவான பசை

இனிக் குறைகளுக்கு வருவோம். முதல் மாதிரியான ஃபேர்போன்-1-இன் முடிவு பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய பாடம். அதன் மின்கலத்தை எவரும் எளிதில் மாற்றலாம். ஆயினும் 2017 ஜூலையில், விற்பனை தொடங்கி நான்காண்டுகூட ஆகாத நிலையில், அம்மாதிரிக்கான ஆதரவை நிறுத்துவதாக நிறுவனமே அறிவித்தது. உதிரி உறுப்புகளைத் தொடர்ந்து செய்விக்க இயலவில்லை என்பது ஒரு காரணம். இயக்க மென்பொருளைப் புதுப்பிக்க முடியாமற்போனது மற்றொன்று.

மென்பொருளுக்கும் கருவியின் ஆயுளுக்கும் என்ன தொடர்பு? சில்லுக்கும் இயக்க மென்பொருளுக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் போன்ற மென்பொருள் அடுக்கு உண்டு. அதன் உள்விவரம் சில்லு செய்த நிறுவனத்திடம் இருக்கிறது. அந்நிறுவனம் 'இந்தச் சில்லுக்கு இனி ஆதரவில்லை' என்று கைவிட்டால், கைபேசி செய்தவர் நினைத்தாலும் புதிய மென்பொருளை ஏற்றுவது பெரும்பாடு. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கைபேசியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து; நாளடைவில் பல செயலிகளும் அதில் இயங்க மறுக்கும். ஒரு திருகாணிகூடத் தளரவில்லை, கருவி செத்துவிட்டது! கண்ணுக்குத் தெரியும் பசையை நீக்கிய வடிவமைப்பாளர்கள், கண்ணுக்குத் தெரியாத இந்தப் பசையில் ஒட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் பாடம் கற்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஃபேர்போன்-2-இன் சில்லுக்கு அதைச் செய்த குவால்காம் நிறுவனத்தின் ஆதரவு நின்றுபோன பிறகும், தாமே முயன்று ஆண்ட்ராய்டின் அடுத்தடுத்த பதிப்புகளை அதில் ஏற்றினார்கள். 2023 மார்ச் வரை, ஏழாண்டுக்கு மேல் அக்கைபேசி புதுப்பிக்கப்பட்டது. 2023-இல் வந்த ஃபேர்போன்-5-க்கு, தொழிற்சாலைக் கருவிகளுக்கென நீண்டகால ஆதரவோடு விற்கப்படும் ஒரு சில்லைத் தேர்ந்தெடுத்து, 2031 வரை மென்பொருள் தருவதாக உறுதியளித்தார்கள். சில்லின் வேகத்தைப் பார்க்குமுன் அதன் ஆதரவுக் காலத்தைப் பார்த்த இத்தேர்வு, திருகாணிகள் அனைத்தையும்விடப் பெரிய சாதனை என்பது என் கருத்து.

துளை ஒன்று அடைபட்டது

இரண்டாவது குறையை இவ்வளவு எளிதில் மன்னிக்க என்னால் இயலவில்லை. 2021-இல் வந்த ஃபேர்போன்-4-இல், கம்பியுள்ள இயர்போனைச் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளையை நீக்கிவிட்டார்கள். தூசியும் நீர்த்துளியும் புகாமல் காப்பதைக் காரணமாகக் கூறினார்கள். மற்ற நிறுவனங்களைப் போலவே அதே வேளையில் கம்பியில்லா இயர்போன் ஒன்றையும் தம் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அது மின்கலத்தை மாற்றும்படியாக அமைந்திருக்கவில்லை!

கம்பியுள்ள இயர்போனின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு நிலைக்காந்தம், ஒரு செம்புச் சுருள், ஒரு மெல்லிய சவ்வு. கைபேசியிலிருந்து வரும் சில மில்லிவாட் மின்னோட்டமே சவ்வை அசைத்து ஒலியெழுப்புகிறது. அதில் மின்கலம் இல்லை, சில்லு இல்லை, புதுப்பிக்கவேண்டிய மென்பொருளும் இல்லை. கம்பி அறுந்தால் பற்றவைக்கலாம். கம்பியில்லா இயர்போனிலோ இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என மூன்று மின்கலங்கள். மூன்றும் நாள்தோறும் முதுமையடைபவை. நாம் முன்பு வகுத்த அளவுகோலின்படி, முதுமையடையும் உறுப்பே இல்லாத ஒரு கருவியை ஒதுக்கிவிட்டு, அத்தகைய உறுப்புகள் மூன்றை உடைய கருவியை அந்த இடத்தில் வைத்துவிட்டார்கள்.

கம்பியே வேண்டுமென்பவர் மின்னேற்றத் துளையில் ஓர் இடைச்செருகியைப் பொருத்திக்கொள்ளலாமே என்பர். செய்யலாம்தான். ஆனால் வடிவமைப்பு என்பது மக்களை எந்த வழியில் நடக்கத் தூண்டுகிறது என்பதையும் பொறுத்தது. நேர்வழியை அடைத்துவிட்டுச் சந்து ஒன்றைக் காட்டினால் பெரும்பாலோர் வேறு கடைக்குத்தான் போவார்கள்.

இதற்கு மறுமொழியை அதே நிறுவனமே பின்னர் தந்தது. 2024-இல் அது வெளியிட்ட 'ஃபேர்பட்ஸ்' என்னும் கம்பியில்லா இயர்போனில் இரு காதுக் கருவிகளின் மின்கலங்களையும் பெட்டியின் மின்கலத்தையும் பயன்படுத்துவோரே மாற்றலாம். ஐஃபிக்ஸிட் இதற்கும் பத்துக்குப் பத்து தந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் சுழியம் பெற்ற அதே வகைப் பொருள்! அளவு சிறிதானால் பசை தவிர்க்க முடியாதது என்னும் வாதம் இத்துடன் வலுவிழந்தது. ஆனால் 2021-இல் நீக்கப்பட்ட துளை அதற்குப் பின் வந்த மாதிரிகளில் திரும்பவில்லை.

சட்டம் தரும் துணை

மூன்றாவதாகச் சொல்லவேண்டியது குறை என்பதைவிட எல்லை என்பதே பொருத்தம். ஃபேர்போன் பெரும்பாலும் ஐரோப்பாவில் விற்கிறது. அதே திறனுள்ள பிற கைபேசிகளைவிட விலையும் கூடுதல். உலகில் ஆண்டுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட கைபேசிகள் விற்கும்போது, அதன் பங்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவில்தான். நல்ல உள்ளம் கொண்ட ஒரு சிறு நிறுவனம் கழிவு மலையைக் கரைத்துவிடாது. அதனால் ஆகக்கூடியது, 'முடியாது' என்று சொல்லப்பட்ட ஒன்றைச் செய்து காட்டுவது. செய்து காட்டியதை எல்லோருக்கும் விதியாக்குவது சட்டத்தின் பணி.

அப்பணி தொடங்கிவிட்டது. சிறு கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றும்படி அமைக்கவேண்டும் என்றும், இவ்விதி 2027 பிப்ரவரி 18 முதல் செயற்படும் என்றும் ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றியது. 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த கைபேசி விதிகளின்படி, மின்கலம் 800 சுழற்சிக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவைத் தாங்கவேண்டும். அம்மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் ஏழாண்டுகளுக்கு முக்கிய உதிரி உறுப்புகளும், ஐந்தாண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பும் கிடைக்கவேண்டும். பழுதுபார்க்கும் எளிமையைக் காட்டும் தரக்குறியைக் கைபேசியோடு சேர்த்தே விற்கவேண்டும். இவ்விதிகளில் ஒரு சலுகையும் உண்டு: 1,000 சுழற்சிக்குப் பிறகும் 80 விழுக்காடு தாங்கும் மின்கலமும் நீர்புகாத் தரமும் இருந்தால், பயன்படுத்துவோரே மாற்றும் வசதி கட்டாயமில்லை. இதைச் சிலர் ஓட்டை என்பர். நம் அளவுகோல் ஆயுள் என்பதால், நீண்டு உழைக்கும் மின்கலமும் ஒரு விடையே. ஆனால் அந்த ஆயிரம் சுழற்சிக்குப் பிறகு என்ன என்னும் வினா அப்படியே நிற்கிறது.

நம் நாட்டில், 2023 ஏப்ரல் முதல் செயற்படும் மின்னணுக் கழிவு விதிகள் முதன்மையாக மறுசுழற்சிக்கு இலக்கு வைக்கின்றன. கலந்த மாவைப் பிரிக்கும் படிக்கு இலக்கு உண்டு; மாவு கலக்காமல் காக்கும் படிக்கு அத்தகைய கட்டாயம் இன்னும் வேரூன்றவில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கென நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையவாயிலைத் தொடங்கியது. பழுதுபார்க்கும் எளிமைக்குக் குறியீட்டெண் வகுப்பதற்காக 2024-இல் ஒரு குழுவையும் அமைத்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் திருப்புளியும் பற்றவைப்புக் கோலும் பிடிக்கத் தெரிந்த கைகள் தெருவுக்குத் தெரு இருக்கும் நாட்டுக்கு இந்த வேகம் போதாது.

நாம் கேட்கவேண்டிய வினாக்கள்

வாசகர்களே, தீர்ப்பைச் சுருங்கச் சொல்லிவிடலாம். ஃபேர்போன் வரிசை, மின்னணுக் கருவியின் பசுமை அதன் மூடியில் கலந்த மறுசுழற்சி நெகிழியில் இல்லை, அதன் இணைப்புகளில் இருக்கிறது என்பதைச் செயலில் காட்டிய படைப்பு. மின்கலத்தை விடுவித்தது, சற்றுத் தாமதமாக மென்பொருளையும் விடுவிக்க முயன்றது, இயர்போன் துளையில் சறுக்கியது. இன்னும் கடுமையாகப் பார்த்தால், சிறந்த மாணவனுக்கும் முழு மதிப்பெண் தர இயலவில்லை என்பதே நிலை. மற்றவர்களின் விடைத்தாள் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை கைபேசியோ இயர்போனோ வாங்கக் கடைக்குப் போகும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதில் முதலில் முதுமையடையும் உறுப்பு எது? அதை மாற்ற எவ்வளவு ஆகும், யார் மாற்றித் தருவார்? மென்பொருள் எந்த ஆண்டு வரை வரும் என்று எழுத்தில் தந்திருக்கிறார்களா? இப்போது வைத்திருப்பது உண்மையிலேயே பழுதா, அல்லது மின்கலத்தை மாற்றினால் இன்னும் மூன்றாண்டு ஓடுமா? முதல் மூன்றுக்குக் கடைக்காரர் விடை தெரியாமல் விழித்தாலும் பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர் விசாரித்து வைத்திருப்பார். நான்காவது வினாவுக்கு விடை கடையில் இல்லை. அது உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. நேர்மையாக விடை கண்டால், பெரும்பாலும் புதுக் கைபேசிக் கடைக்குப் பதிலாக அதன் எதிரிலுள்ள பழுதுபார்க்கும் கடையின் படியைத்தான் ஏறுவீர்கள்.